எங்கள் கணினி அறைச் சாவியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று உங்கள் சுற்றறிக்கை வந்தது. 'வகுப்பு நேரத்தில் கணினியிலோ கைப்பேசியிலோ எந்த விளையாட்டும் நடத்தக் கூடாது. மாணவர்கள் இணையத்தில் சேர்ந்து எழுதும் வேலைகள் நிறுத்தப்படுகின்றன. ஆண்டுத் தேர்வு முடியும் வரை கணினி அறை பூட்டப்பட்டிருக்கும்.' இவ்வளவுதான் இருந்தது. தலைமை ஆசிரியர் எங்களிடம் கையெழுத்து வாங்கினார். அன்று மாலையே சாவி அலுவலக அலமாரிக்குப் போய்விட்டது.

நான் உங்கள் பள்ளியில் 16 ஆண்டுகளாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சுற்றறிக்கையைப் படித்தேன் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டேன். அதில் இருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நேரில் பேச இரண்டு முறை நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. உங்களில் பாதிப் பேர் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கிற ஆசிரியை நிர்வாகத்துக்கு இப்படி வெளிப்படையாக எழுதலாமா என்று வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் இதில் வராது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இருக்கிற எத்தனையோ ஊர்களில் ஒன்று என்பது போதும்.

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். மார்கழியில் உங்களில் ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். கணினி அறையைக் கடக்கும்போது ஏழாம் வகுப்பு பெரிய கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். திரையில் பல்லாங்குழி. "பல்லாங்குழி ஆடறதுக்கா லேப்டாப் வாங்கிக் கொடுத்தாங்க?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கே நின்றே சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

பழைய மாணவர்கள் கொடுத்தவை ஏழு மடிக்கணினிகள். வகுப்பில் 28 பிள்ளைகள், ஒன்றுக்கு நான்கு பேர். அவர்கள் யாரோ செய்துவைத்த பல்லாங்குழியை ஆடிக்கொண்டிருக்கவில்லை. பல்லாங்குழியைத் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். ஸ்கிராட்ச் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2007-ல் பிள்ளைகளுக்காகவே வெளியிட்டது. காசு கிடையாது, ஒருமுறை இறக்கிவைத்துவிட்டால் இணையமும் வேண்டாம். கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து நிரல் எழுதலாம்.

முதல் வாரம் நிரல் எழுதவே இல்லை. ஒரு பிள்ளை தன் அப்பத்தாவின் மரப் பல்லாங்குழியைப் பையில் வைத்து எடுத்து வந்தாள், கூடவே ஒரு சுருக்குப் பையில் புளியங்கொட்டை. இப்போது அந்தப் பலகைகளெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வரவேற்பறைச் சாமானாக விலை போகின்றன. எங்கள் வகுப்பில் அது மறுபடி விளையாட்டுச் சாமான் ஆயிற்று. ஆடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் சண்டை. ஒருத்தி வீட்டில் குழிக்கு ஐந்து முத்து, இன்னொருத்தி வீட்டில் ஆறு. நாலு சேர்ந்தால் அது 'பசு', குழிக்காரருக்குச் சொந்தம் என்றாள் ஒருத்தி. அப்படியெல்லாம் கிடையாது என்றான் ஒருவன். சரி, எல்லாரும் ஒப்புக்கொள்கிற மாதிரி விதிகளை எழுதுங்கள் என்றேன். ஒரே இணைய ஆவணத்தைத் திறந்து ஏழு குழுவும் எழுதின. 'அடுத்த குழி காலியாக இருந்தால்', 'நாலு சேர்ந்தால்', 'இல்லாவிட்டால்' என்று வாக்கியம் வாக்கியமாக எழுதி, அடித்து, திருத்தினார்கள். கடைசியில் குழிக்கு ஐந்து, பசு உண்டு என்று முடிவாயிற்று. ஒன்றைச் சந்தேகமில்லாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த வாரத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அப்புறம்தான் நிரல் எழுத உட்கார்ந்தோம்.

பலகையில் முத்துப் போட்டுக்கொண்டே போகிற கை 14-ஆவது குழி முடிந்ததும் தானாகவே முதல் குழிக்கு வந்துவிடும். கணினிக்கு அது தெரியாது, அது 15, 16 என்று இல்லாத குழியைத் தேடும். இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று இரண்டு பாடவேளை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருவன் சொன்னான்: "14-ஆல வகுத்து மீதிய எடுத்துக்கலாம் டீச்சர்." போட்டுப் பார்த்தார்கள். 15 முதல் குழியானது, 16 இரண்டாவது குழியானது. ஆனால் 14-ஆவது குழியே காணாமல் போயிற்று, மீதி 0 வருகிறது இல்லையா! 0 வந்தால் அதை 14 என்று வைத்துக்கொள் என்று இன்னொரு கட்டை சேர்த்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து வகுத்தல் போடுகிற பிள்ளைகள். மீதி என்பதை விடைக்குப் பக்கத்தில் எழுதிவைக்கிற ஒரு எச்சமாக மட்டுமே அதுவரை பார்த்திருந்தார்கள். அது எதற்குப் பயன்படும் என்று நான் இதற்கு முன் எத்தனையோ முறை கரும்பலகையில் சொல்லியிருக்கிறேன். ஒரு முகமும் மலர்ந்ததில்லை.

உங்கள் உறுப்பினர் கேட்ட கூச்சலுக்கு வருகிறேன். 14 குழி, குழிக்கு 5 முத்து, மொத்தம் 70. ஆட்டத்தில் ஒரு முத்தும் வெளியே போகாது. குழிகளில் இருப்பதையும் இரண்டு பேர் கையில் இருப்பதையும் கூட்டினால் எந்த நேரத்திலும் 70 வர வேண்டும். அதனால் திரையின் மூலையில் மொத்தத்தைக் காட்டச் சொல்லியிருந்தேன். ஒரு குழுவுக்கு நடு ஆட்டத்தில் 66 என்று காட்டிற்று. நாலு முத்து எங்கே? நிரலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்கள், தெரியவில்லை. மற்ற குழுக்களும் வந்து சூழ்ந்துகொண்டன. அப்போது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, "நாலுதானே குறையுது, அப்ப அது பசு!" என்றாள். அதுதான். நாலு சேர்ந்ததும் குழியைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், அந்த நாலை யார் கையில் சேர்ப்பது என்று சொல்ல மறந்திருந்தார்கள். ஒரு கட்டையைச் சேர்த்தார்கள். 70 வந்தது. 28 பிள்ளைகளும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

ஐயா, உங்கள் வீடுகளில் இன்னும் பழைய பேரேடுகள் இருக்கும். பற்றும் வரவும் இடித்தால் நாலணா எங்கே போயிற்று என்று விளக்கு வைத்துக்கொண்டு தேடியவர்களின் வீடுகள் அவை. பர்மாவில் ரங்கூனிலும் மோல்மேனிலும் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்குப் பழகியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். எந்த நாலு குறைகிறது என்பதிலிருந்தே தப்பு எங்கே என்று கண்டுபிடித்த அந்தப் பிள்ளையின் புத்தியை உங்களைவிட யார் மதிக்க முடியும்? அவளுடைய அம்மா ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கூலி வேலை பார்க்கிறார். அவள் கணினியைத் தொடுகிற ஒரே இடம் நீங்கள் பூட்டிய அறைதான்.

உங்கள் சுற்றறிக்கை 'எந்த விளையாட்டும்' என்கிறது. அந்தச் சொல்லுக்குள் ரம்மியும் வந்துவிட்டது, பல்லாங்குழியும் வந்துவிட்டது, நான் காகிதத்தில் நடத்துகிற ஒன்றும் வந்துவிட்டது. அதையும் சொல்கிறேன். பிளிக்கர்ஸ் என்று ஒரு முறை. பிள்ளைகள் கையில் கருவியே கிடையாது. ஆளுக்கு ஒரு அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு உருவம். அட்டையின் நான்கு பக்கமும் நான்கு விடை. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையும் வேறு உருவம் என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பவும் முடியாது.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் மூன்றில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். பாடம் நடத்தி முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புரிஞ்சுதா என்று கேட்டபோது கோரஸாக "புரிஞ்சுது டீச்சர்" என்ற வகுப்பு அது. அட்டைகளைப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் ஐந்தில் ஒன்று என்கிறார்கள். மூன்றைவிட ஐந்து பெரிய எண் இல்லையா? வாய்விட்டுக் கேட்டிருந்தால் வழக்கமாகக் கை தூக்குகிற ஐந்து பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அன்று நிறுத்தினேன். ஒரு அதிரசத்தை மூன்று பேர் பங்கு போட்டால் கொஞ்சம் கிடைக்கும், அதே அதிரசத்தை ஐந்து பேர் பங்கு போட்டால்? வரைந்து காட்டி, மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். இந்த முறை மூன்று பேர்தான் தப்பு. அந்த மூன்று பேரையும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். இதுவும் விளையாட்டு என்று நின்றுவிட்டது. இப்போது எனக்கு யாருக்கு என்ன தெரியவில்லை என்பது தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடுகிறது.

எல்லாமே நன்றாகப் போனது என்று சொல்லவில்லை. என் தவறுகளையும் எழுதுகிறேன், அவற்றை வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. முதல் வருடம் வேகமாகப் பதில் சொன்னால் கூடுதல் மதிப்பெண் தருகிற ஒரு வினாடி வினாவை நடத்தினேன். வகுப்பு அதிர்ந்தது, எனக்கும் உற்சாகமாக இருந்தது. நாலைந்து வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: ஒரு பையன் கேள்வியைப் படிப்பதே இல்லை. ஏண்டா என்றால், "படிச்சா லேட்டாயிடும் டீச்சர், முதல்ல அமுக்கிடுவேன்" என்றான். பட்டியலில் எப்போதும் கடைசியில் வந்த இரண்டு பிள்ளைகள் அந்தப் பாடவேளை வந்தாலே தண்ணீர் குடிக்கப் போகக் கேட்டார்கள். எல்லார் முன்னாலும் தரவரிசை காட்டுவது அவர்களை என்ன செய்தது என்று நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. அன்றிலிருந்து நேரக் கணக்கை எடுத்துவிட்டேன், பெயர்ப் பட்டியலைத் திரையில் போடுவதில்லை, குழுவாகப் பேசி ஒரு விடை சொல்ல வைக்கிறேன். விசைப்பலகையைப் பையன்களே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்று மணி அடித்தேன். இணையம் வராமல் ஒரு பாடவேளை முழுக்க வீணாகப் போனதும் உண்டு. அதனால் இப்போது இறக்கிவைத்துக்கொள்ளக் கூடியவற்றைத்தான் பெரும்பாலும் எடுக்கிறேன். அறிவியல், கணக்குச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கிற கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்முறைகள், வடிவங்களும் வரைபடங்களும் வரைகிற ஜியோஜீப்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்கிற விளையாட்டுத் தொகுப்பு. எதற்கும் பணம் கட்டவில்லை.

அடுத்தது, 'இணையத்தில் சேர்ந்து எழுதும் வேலை'. இது எட்டாம் வகுப்பு. தேவகோட்டைப் பக்கத்தில் இன்னொரு பள்ளியில் எனக்குத் தெரிந்த அறிவியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஐப்பசியில் மழை தொடங்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விரிதாளைத் திறந்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் பிள்ளைகள் எங்கள் ஊருணியிலும் அவர்கள் பிள்ளைகள் அவர்கள் ஊருணியிலும் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி எழுத வேண்டும். ஒரு படியின் உயரத்தை அளந்தால் நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடலாம், அதை வரைபடமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது வாரம் எங்கள் பையன் ஒருவன் அவர்களுடைய வரிசை முழுவதையும் அழித்துவிட்டான். தெரியாமல் என்றான். தெரிந்துதான் என்று அந்தப் பக்கத்திலிருந்து கோபமாகக் குறிப்பு வந்தது. எங்கள் வகுப்பே அவன் பக்கம் நின்றது. திருத்த வரலாற்றைத் திறந்து காட்டினேன். எந்த நேரத்தில் எது அழிந்தது, அதற்கு முன் எப்படி இருந்தது என்று எல்லாமே அதில் இருக்கும். பழையபடி மீட்டெடுத்தோம். அவனே அவர்களுக்கு 'மன்னிச்சுக்கோங்க, இனி எங்க கட்டத்துல மட்டும்தான் எழுதுவேன்' என்று எழுதினான். முகம் தெரியாத இன்னொரு பள்ளிப் பிள்ளையிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க ஒரு பாடப்புத்தகமும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்காது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். கார்த்திகையில் ஒரு நல்ல மழை. இரண்டு ஊரிலும் பெய்தது. அவர்கள் ஊருணியில் மூன்று படி மறைந்திருந்தது, எங்களுடையதில் ஒரே படி. 'நீங்க சரியா எண்ணலை' என்று அவர்கள் எழுதினார்கள். எங்கள் பிள்ளைகள் ரோஷத்தோடு போய் மறுபடி எண்ணினார்கள், ஒன்றுதான். ஏன் என்று கேட்டுக்கொண்டு சனிக்கிழமை நான்கு பேர் ஊருணியின் வரத்துக்காலைப் பிடித்து நடந்தே போயிருக்கிறார்கள். பாதி வழியில் இடித்த வீட்டு மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தது. தெருத் தண்ணீர் ஊருணிக்கு வராமல் வயலில் பாய்ந்துகொண்டிருந்தது. படம் எடுத்து விரிதாளோடு சேர்த்து ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதினார்கள். மனுவை நான்கு பேரும் ஒரே ஆவணத்தில் எழுதித் திருத்தினார்கள். நான் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தேன். வீட்டு முற்றத்து மழைத் தண்ணீரையும் தெருவில் ஓடுகிற தண்ணீரையும் ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி ஊரை அமைத்தவர்கள் உங்கள் முன்னோர்கள். அந்த வாய்க்கால் அடைத்துக் கிடந்ததை 13 வயதுப் பிள்ளைகள் ஒரு விரிதாளில் கண்டுபிடித்தார்கள். அந்த விரிதாள் மார்கழிக் கடைசி வெள்ளியோடு நிற்கிறது. அவர்கள் பக்கத்துக் கட்டங்கள் வாரா வாரம் நிரம்புகின்றன. 'உங்களது ஏன் காலியா இருக்கு?' என்று அங்கிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. பதில் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் சீரழிந்ததை நம் பக்கத்திலும் பார்த்தோம். தமிழ்நாடு அரசு 2022-ல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது அதனால்தான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆனால் அதே மத்திய சட்டம் பணம் கட்டாத, கல்விக்கும் திறனுக்கும் உதவுகிற விளையாட்டுகளை ஊக்குவிக்க இடம் கொடுக்கிறது. சட்டம் பார்க்கிற வேறுபாட்டை நம் பள்ளிச் சுற்றறிக்கையும் பார்க்க வேண்டாமா? வீட்டில் கைப்பேசியைக் கீழே வைக்காத பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பெற்றோரோடு தொடர்ந்து பேசுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தப் பழகுவதற்கு இருந்த ஒரு அறையைப் பூட்டிவிட்டு, வீட்டில் இருக்கும் கைப்பேசியை நம்மால் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது அதுதான்: பிள்ளைகளின் பெயரும் விவரமும் யாரிடம் போகிறது? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் பிள்ளைகளாகவே கருதி, அவர்களுடைய விவரங்களை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் எந்தத் தளத்திலும் கணக்குத் தொடங்கியதில்லை. பிளிக்கர்ஸ் அட்டைக்கு எண் மட்டும்தான். விரிதாளிலும் 'குழு 1', 'குழு 2' என்றுதான் இருக்கும். கணக்கு என் பெயரில் இருக்கிறது. இதற்கு எழுத்தில் ஒரு விதிமுறை போடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

மதிப்பெண் குறையும் என்பது அடுத்த பயம். அரையாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்பு கணக்கில் குறையவில்லை. தாள்கள் தலைமை ஆசிரியரிடம் இருக்கின்றன, வாங்கிப் பாருங்கள். பல்லாங்குழியால்தான் நல்ல மதிப்பெண் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரே காரணம் காட்ட எந்த நேர்மையான ஆசிரியராலும் முடியாது. குறைந்துவிட்டது என்று நீங்களும் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பது ஏதோ என் ஆசைக்கு நான் கொண்டுவந்ததும் இல்லை. கொரோனாவில் மூடிக் கிடந்த பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கழித்தலில் கடன் வாங்கவே மறந்துபோய் வந்த பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த இடைவெளியை நிரப்ப அரசு 2022-ல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், அட்டை விளையாட்டு என்றுதான் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. நம் பள்ளியின் கீழ் வகுப்புகளில் அது நடக்கிறது, நீங்கள் தடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை விளையாடிக் கற்ற பிள்ளை ஆறாம் வகுப்புக்கு மாடி ஏறி வந்ததும் அது குற்றமாகிவிடுமா? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில், யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக் கூடிய கட்டற்ற மென்பொருளை வைத்தே கணினி சொல்லிக் கொடுக்கிறார்கள். தொடக்க வகுப்புக் கணினிப் பாடநூலுக்கு அவர்கள் வைத்த பெயரே விளையாட்டுப் பெட்டி என்று பொருள்படும் 'களிப்பெட்டி'. 2018-லிருந்து லிட்டில் கைட்ஸ் என்று உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகளின் கணினிக் குழுக்கள் நடக்கின்றன.

நம் மண் இதில் பின்தங்கிப் போக வேண்டிய மண் இல்லை. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் கொண்டுவந்தார், 1953-ல் அது திறந்தது. அன்று இந்த ஊர்களில் மின்வேதியியல் என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரியவில்லை என்பதற்காக அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கேட்பது ஏக்கரும் லட்சமும் இல்லை.

கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில், சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுக் கணினி அறையைத் திறந்துவிடுங்கள். ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் நம் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். ஆறு முதல் எட்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பாடவேளை அந்த அறை கிடைக்க வேண்டும், அது கால அட்டவணையில் எழுதப்பட வேண்டும். அட்டை விளையாட்டுக்கு ஆசிரியரின் கைப்பேசியை வகுப்பில் பயன்படுத்த அனுமதி வேண்டும்.

எது கூடும், எது கூடாது என்று ஒரு பக்கத்தில் விதிமுறை எழுதுங்கள். பணம் கேட்பது, விளம்பரம் காட்டுவது, பிள்ளையின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கேட்பது, இவை கூடாது என்று அதில் இருக்கட்டும். அதை எழுதும்போது இரண்டு ஆசிரியர்களும் பெற்றோர் இரண்டு பேரும் உடன் இருக்க வேண்டும். மற்ற பாட ஆசிரியர்களில் மூன்று பேர் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அரை நாள் நானே சொல்லிக் கொடுக்கிறேன், அதற்குத் தனிச் சம்பளம் வேண்டாம், அறை திறந்திருந்தால் போதும். அப்புறம் பள்ளிக்கென்று ஒரு இணைய இணைப்பு. இதுவரை என் கைப்பேசியிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மடிக்கணினிகளுக்கு பேட்டரி போய்விட்டது, கரண்ட் போனால் எட்டுப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேட்டரிகளையும் மாற்றித் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. மாசியில் முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கு உங்களில் பலர் ஊருக்கு வருவீர்கள், குழுவும் கூடும். அந்த வாரம் புதன்கிழமை மூன்றாவது பாடவேளை எனக்கு ஏழாம் வகுப்பு. ஒரு மணி நேரம் வந்து, ஆளுக்கு ஒரு குழுவோடு உட்காருங்கள். 66 எப்படி 70 ஆயிற்று என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அதற்கு அறை திறந்திருக்க வேண்டும், எனவே குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்துக்கான பதிலை எழுத்தில், பள்ளி அறிவிப்புப் பலகையில் பெற்றோரும் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை